யெரெவான் காஸ்கேட்: ஏற உள்ளே, இறங்க வெளியே

ஆர்மேனியத் தலைநகரில் காஸ்கேட் என்ற மாபெரும் படிக்கட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் செய்யும் தப்பு, கீழே வந்து நின்றதும் 572 படிகளையும் விறுவிறுவென்று ஏற ஆரம்பிப்பது. தேவையே இல்லை. படிக்கட்டின் வயிற்றுக்குள்ளேயே எஸ்கலேட்டர்கள் ஓடுகின்றன, கட்டணமும் கிடையாது. ஏறும் வழியெல்லாம் பக்கவாட்டு மேடைகளில் சிற்பங்கள். வெளிப்படியில் ஏறினால் இவை கண்ணிலேயே படாது.

படிகள் தெற்கு பார்த்தவை. அதனால் இறங்கும்போதுதான் நகரமும், வானம் தெளிந்திருந்தால் அதற்கு அப்பால் 5,137 மீட்டர் உயர அராரத் மலையும் முகத்துக்கு நேரே வரும். கோடை மதியத்தில் மூட்டம் மலையை மறைத்துவிடும். நிழலில்லாத வெளிர் கல் வேறு சூட்டைத் திருப்பி அடிக்கும். காலையில் போவதே நல்லது.

கீழ்நகரையும் மேட்டையும் இணைக்கும் யோசனை, நகருக்குத் திட்டம் போட்ட அலெக்சாண்டர் தமான்யானுடையது. 1970களில் ஜிம் தொரொஸ்யானின் குழு அதைக் கட்டத் தொடங்கியது. 1988 நிலநடுக்கமும் சோவியத் உடைவும் அடுத்தடுத்து வர, வேலை நின்றது. பத்தாண்டுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்ததை அமெரிக்க ஆர்மேனியரான ஜெரார்ட் கஃபெஸ்ஜியான் 2002இல் கையிலெடுத்தார். 2009இல் அது அவர் பெயரிலேயே கலை மையமாகத் திறந்தது.

அடிவாரத் தோட்டத்தில் கூட்டம் மொய்ப்பது கொலம்பியச் சிற்பி பொத்தேரோவின் குண்டுப் பூனையைச் சுற்றி. அதைவிட ஜி யோங் ஹோவின் சிங்கத்துக்கு நேரம் கொடுக்கலாம். தூரத்தில் கருப்பு வெண்கலம் மாதிரி இருக்கும். கிட்டே போனால் முழுக்கப் பழைய டயர்! வெட்டிய துண்டுகளைத் தசைநார் ஓடும் போக்கிலேயே அடுக்கியிருக்கிறார். டயரின் வரிப்பள்ளங்கள் தோள்பட்டையில் அப்படியே தெரிகின்றன. ஜோவானா வாஸ்கோன்செலோஸின் இரும்புத் தேநீர்க் கெண்டி கம்பிப் பின்னல் வேலை. உள்ளே வெற்றிடம்தான், வெயில் சாயும்போது அதன் பூவேலை நிழலாகத் தரையில் விழும்.

எஸ்கலேட்டர் உச்சிவரை போகாது. கடைசித் தளத்துக்கும் மேலே உள்ள நினைவுத்தூணுக்கும் நடுவில் கட்டி முடிக்காத பள்ளம் ஒன்று இருக்கிறது. நேரே வழியில்லை, ஓரமாகச் சுற்றித்தான் ஏற வேண்டும். வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். முட்டிவலிக்காரர்கள் கடைசித் தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அராரத் அங்கிருந்தே தெரியும்.