அப்பாவின் வழியுணவு

அப்பா இறந்த வருடம் ராயபுரம் புனித இராயப்பர் கோயிலில் காலைப் பூசையை நான் தவறவிட்ட நாட்கள் குறைவு. காசிமேட்டில் மீன் எடுத்துவிட்டு நேரே வந்து நிற்கும் அக்காக்களோடுதான் நற்கருணை வாங்க, அதாவது கிறிஸ்துவின் உடலென்று நம்பி வாங்கும் அப்பத்துக்காக, வரிசையில் நிற்பேன். ஒருநாள் முன்னால் நின்றவரின் மணிக்கட்டில் ஒரு செதில் ஒட்டியிருந்தது, அந்தக் கையை நீட்டி அவர் 'ஆமென்' என்றபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நற்கருணையைக் கிறிஸ்தவ வாழ்வின் ஊற்றும் உச்சியும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் சொன்னது. சரி, எனக்கு அது புரிந்தது அப்பாவின் கட்டிலருகில்தான். சாகும் தறுவாயில் கொடுக்கும் நற்கருணைக்கு வழியுணவு என்று பெயர், பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் சோறு மாதிரி. மூன்று நாளாக எதையும் விழுங்காதவர், சாமியார் ஸ்பூன் தண்ணீரோடு கொடுத்த அந்தச் சின்னத் துண்டை மட்டும் விழுங்கினார். அப்புறம் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.