பொது வைஃபை: அடைத்த கதவும் அடைக்க மறந்த கதவும்

பழைய ரூட்டர் ஒன்றில் ஓபன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற திறந்தமூல ரூட்டர் இயங்குதளத்தை ஏற்றி, வருவோர் போவோருக்கென்று தனி வைஃபை அமைத்தேன். தனிப் பெயர், 192.168.3 என்று தொடங்கும் தனி முகவரிகள், போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலில் தனி மண்டலம். அங்கிருந்து இணையத்துக்கு வழி உண்டு. என் கணினிகள் இருக்கும் உள்வலைக்கு வழி கிடையாது. இதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சோதிக்காமல் விட மனம் வரவில்லை. கைப்பேசியைப் புது வைஃபையில் இணைத்து, உலாவியில் 192.168.1.1 என்று தட்டினேன். ரூட்டரின் நிர்வாகப் பக்கம் வந்து கடவுச்சொல் கேட்டது! உள்வலையைத்தான் அடைத்துவிட்டேனே, பிறகு எப்படி? வெகுநேரம் விதிகளைப் பார்த்த பிறகே புரிந்தது. நான் தடுத்தது ரூட்டரைக் கடந்து செல்பவற்றை. ரூட்டரையே தேடி வருபவற்றுக்கு வேறு விதி. அது 'அனுமதி' என்றே இருந்தது. 192.168.1.1 உள்வலை முகவரியானாலும், அது ரூட்டருடையதுதான்.

அந்த விதியை 'மறுப்பு' என்று மாற்றினேன். உடனே கைப்பேசி "ஐ.பி. முகவரி பெறப்படுகிறது" என்பதோடு நின்றுவிட்டது. முகவரி கொடுப்பதும் அதே ரூட்டர் அல்லவா! முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி.க்கு 67, தளப் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸுக்கு 53 என்று இரண்டு போர்ட்டுகளை, அதாவது எண்ணிட்ட வாசல்களை, மட்டும் திறந்தேன். இணையம் வந்தது, நிர்வாகப் பக்கம் வரவில்லை. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

அடுத்து, இணைந்திருப்பவர்கள் ஒருவர் கருவியை ஒருவர் எட்டாதபடி தனிமைப்படுத்தும் அமைப்பு. இதைக் கட்டாயம் இரண்டு கருவிகளோடு சோதிக்க வேண்டும். இரண்டும் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தபோது ஒன்றிலிருந்து மற்றதற்கு அனுப்பிய பிங் என்ற சோதனைச் செய்திக்குப் பதில் இல்லை. ஒன்றை 2.4-க்கு மாற்றியதும் பதில் வரிசையாக வந்தது. ரூட்டரில் 5-க்கும் 2.4-க்கும் தனித்தனி ரேடியோ, அந்தத் தடை ஒவ்வொரு ரேடியோவுக்குள்ளும் மட்டுமே செல்லும். இரண்டு ரேடியோக்களும், அவற்றை ஒரே வலையாக இணைக்கும் பிரிட்ஜில் சேர்வதால் அந்த வழி திறந்தே கிடந்தது. பிரிட்ஜிலும் தனிமைப்படுத்தலை இயக்கிய பின்பே அடங்கியது.

வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூ.பி.ஏ.2-வில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், அதை அறிந்த ஒருவர் இன்னொருவர் இணையும் தருணத்தைப் பதிவுசெய்து, அவருடைய போக்குவரத்தைப் பிரித்துப் படிக்க முடியும். 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3-இல் அது நடக்காது, அதையே வைத்தேன். பழைய டேப்லெட் ஒன்று இணைய மறுக்கிறது. அதற்காக இறங்கிவரப் போவதில்லை.

ஒரு கருவிக்குக் கொடுத்த ஐ.பி. முகவரி செல்லுபடியாகும் காலமான முகவரிக் குத்தகையை 12 மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரமாகக் குறைத்தேன். இனி வேக வரம்பு வைக்க வேண்டும். அது அடுத்த வார வேலை.