அன்ரிவைரஸை நிறுத்திவிட்டுப் போட்ட மென்பொருள்

யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டு வீடியோக்களைத் தொகுப்பதைத் தொழிலாகக் கொண்ட என் வயதொத்தவர்கள், மென்பொருள் என்பது விலை கொடுத்து வாங்கும் பொருள் என்று அறியாமலேயே தொழில் பழகியவர்கள். எடியஸ், பிரீமியர் ஆகிய தொகுப்பு மென்பொருட்கள் பேனையால் பெயர் எழுதிய டிவிடிகளில் வந்தன. பிறகு பென்டிரைவில் வந்தன. கமராவுக்கு மாதாமாதம் லீசிங் கட்டிய நான், அதில் எடுத்த படத்தை வெட்டும் கருவிக்கு ஒரு சதமும் கொடுத்ததில்லை. வசதியில்லை என்று சொன்னதெல்லாம் சாட்டு; கையில் பிடித்துப் பார்க்க முடியாத ஒன்றுக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பது தெரிந்த பிறகும், ஸ்ரான்லி வீதிக்கு வந்து யார் கேட்கப்போகிறார்கள் என்ற துணிவு இருந்தது.

2019 ஆவணிக் கடைசியில், புதிய பதிப்பொன்றின் கிராக்கை, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டுடைத்த பிரதியை, கொண்டுவந்து தந்த தம்பி, “அண்ணை, அன்ரிவைரஸை நிப்பாட்டிப்போட்டு ஓடவிடுங்கோ, இல்லாட்டி அது இதை அழிச்சுப்போடும்” என்றார். காவல் நாயைக் கட்டிவைத்துவிட்டு வாசலைத் திறந்த கதைதான். மறுநாட் காலையில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அறியாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு போல்டரிலும் ஒரு கடிதம் கிடந்தது: கோப்புகளைத் திறக்க 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் கட்டினால் 490. எங்களூர்ப் புடைவைக் கடைகளும் தராத கழிவு. கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும், ஸ்டொப் எனப்படும் இந்தக் கப்ப நச்சுநிரல் கிராக்குகளுக்குள் ஒளிந்தே பெரும்பாலும் பரவுகிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். ஒக்டோபரில் எம்சிசொஃப்ட் நிறுவனம் வெளியிட்ட இலவச மீட்புக் கருவியும் பழைய வகைகளுக்கே உதவியது. என்னுடையது பிந்திய வகை.

அப்போது தொகுத்துக்கொண்டிருந்த கலியாணத்தைப் பிரதி எடுத்து வைத்த ஹார்ட் டிஸ்க்கும் அதே கணினியில் செருகியபடி இருந்ததால் அதுவும் போயிற்று. முதற் கமராவின் கார்ட்டை அடுத்த கலியாணத்துக்காக அழித்திருந்தேன். மிஞ்சியது இரண்டாம் கமராவின் கார்ட் மட்டுமே. அதில் மணப்பெண் கூறையுடுத்தி வருவது தெளிவாக இருந்தது. கெட்டிமேளம் முழங்கித் தாலி ஏறும் வேளையிலோ, ஐயரின் தோளும் அட்சதை போட எழுந்தவர்களின் முதுகுகளுமே தெரிந்தன. அந்தப் பதினைந்து விநாடிகளை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன்! முதுகுகளுக்கிடையில் ஒரு கை மட்டும் தெரிந்த இடத்தில் படத்தை மெதுவாக்கி, நாதஸ்வர ஒலியை உயர்த்தி ஒப்பேற்றினேன். பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். பெண்ணின் தகப்பனார் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு டாவின்சி ரிசோல்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் சில மாதங்கள் பழகினேன். பெரும்பாலான கலியாண வேலைக்கு அதுவே போதும் என்பதைப் சில வருடங்களுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். மங்கிய மண்டப வெளிச்சத்தில் எழும் புள்ளிகளைக் குறைக்கும் வசதி கட்டணப் பதிப்பில்தான் இருந்ததால், கனடாவிலிருக்கும் அக்காவின் கார்ட்டில் 299 டொலருக்கு அதை வாங்கினேன்; அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 54,000 ரூபா. ஒரே தடவைக் கட்டணம், இரண்டு கணினிகளில் பாவிக்கலாம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது, மாதச் சந்தா கட்டிய நண்பர்கள் திணறியதைப் பார்த்தேன். சந்தா முறையைப் பொறுத்தவரை எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு; டொலரில் உழைக்காதவனுக்கு அது ஏற்ற ஏற்பாடல்ல.

அந்தத் தம்பதியின் பிள்ளைக்கு முதலாம் பிறந்தநாள் வந்தபோது, வேலை வேறொரு ஸ்ரூடியோவுக்குப் போயிற்று. அங்கே இன்னமும் கிராக்தான் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.