பில்ட் பச்சை, ஜார் மட்டும் படுத்துவிட்டது
தக்கலை வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நம்ம டீம் தம்பி நேற்று கேட்டான்: "அண்ணா, மேவன் பில்ட் சக்சஸ்னு வருது, ஜாரை ஓட்டினா டேட்டாபேஸ் டிரைவர் இல்லைங்குது. ரெண்டு டிரைவரையும் டிபெண்டன்சியில போட்டிருக்கேனே!"

மேவன் ஜாவா புரோகிராமைக் கட்டித் தரும் கருவி; ஜார் அது தரும் பொதி; டிபெண்டன்சி நாம் வெளியிலிருந்து சேர்க்கும் ஜார். தம்பியின் சிக்கல், மேவனோடு சேர்ந்து ஓடும் ஷேட் பிளகினின் வேலை. எல்லா ஜாரையும் பிரித்து ஒரே ஜாராகக் கட்டும்போது, டிரைவரின் பெயரைக் குறித்து வைக்கும் மெட்டா-இன்ஃப் சர்வீசஸ் ஃபோல்டரில் இரண்டு டிரைவருக்கும் ஒரே பெயரில் ஃபைல் இருக்கும். இணைக்கச் சொல்லாவிட்டால் ஒன்றுதான் மிஞ்சும். ஷேட் அமைப்பில் சர்வீசஸ் ரிசோர்ஸ் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்தால் இரண்டையும் இணைத்துவிடும். இதை இயல்பாகவே செய்யாமல் ஏன் விட்டார்களோ!

அப்புறம் கையெழுத்துத் தகராறு. டிபெண்டன்சி ஜார் ஏற்கெனவே சைன் (டிஜிட்டல் கையெழுத்து) செய்யப்பட்டதென்றால் அதன் எஸ்எஃப், ஆர்எஸ்ஏ, டிஎஸ்ஏ கையெழுத்து ஃபைல்களை ஃபில்டர் போட்டு விலக்க வேண்டும். இல்லையென்றால் ஓடும்போது செக்யூரிட்டி எக்ஸெப்ஷன். நம்ம ஜாரைச் சைன் செய்வதானால் ஷேடுக்குப் பிறகுதான். கையெழுத்திடும் ஜிபிஜி பிளகினில் இந்தக் கவலை இல்லை, அது பில்டின் வெரிஃபை கட்டத்தில், பேக்கேஜ் கட்டம் முடிந்த பிறகே வரும். கையெழுத்திடும் இன்னொரு பிளகினான ஜார்சைனர் அப்படியில்லை, அது ஷேடோடு பேக்கேஜிலேயே நிற்கும். மேவன் 3.0.3 முதல், ஒரே கட்டத்தில் இருப்பவை பாம் ஃபைலில் (மேவனின் அமைப்பு ஃபைல்) எழுதிய வரிசையில்தான் ஓடும். ஆகவே ஜார்சைனரை ஷேடுக்குக் கீழே எழுதுங்கள்.

வரிசையில் சந்தேகம் வந்தால் ஹெல்ப் பிளகினின் எஃபெக்டிவ் பாம் கோலை (கட்டளையை) ஓட்டிப் பாருங்கள் மக்கா. பேரண்ட் பாமிலிருந்து (நம்ம பாமுக்கு மேலேயுள்ள தாய் ஃபைல்) சொல்லாமல் வந்து சேர்ந்ததெல்லாம் அதில் தெரியும்.