பெற்றோல் வரிசையும் எங்கள் வாக்கும்

2022இல் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்காக இரவிரவாக வரிசையில் நின்ற எனக்கு, அந்த வரிசைகள் மறைந்த காலத்தின் சனாதிபதி என்றவகையில் ரணில் விக்கிரமசிங்க மீது ஓரளவு மதிப்பு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. 70 சதவீதத்தை நெருங்கிய பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும் அவரது காலத்தில்தான். ஆனால், 75ஆவது சுதந்திர தினத்துக்குள் இனப்பிரச்சினைக்குத் தீர்வு என்று சொன்னவர், 2018இல் பதவிக்காலம் முடிந்த வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல்கூட நடத்தாமல், 2023இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்கும் பணமில்லை என்று கைவிரித்த பின்னர், மறுபடி வாக்குக் கேட்டு வந்தபோது எதை நம்புவது? 2024 செப்டெம்பர் 21இல் நடந்த சனாதிபதித் தேர்தலில் நாடளாவிய ரீதியில் சுமார் 17 சதவீத வாக்குகளுடன் அவர் மூன்றாமிடத்துக்குப் போனார், யாழ். மாவட்டத்திலும் சஜித் பிரேமதாச, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் ஆகியோருக்குப் பின்னால் மூன்றாமிடமே கிடைத்தது.