ஃபோனில் அழித்தேன், கணினியிலும் போய்விட்டது

போன வருடம் என் ஃபோனில் இடம் தீர்ந்துபோனது. பழைய வீடியோக்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கணினியில்தான் எல்லாம் இருக்கிறதே என்ற தைரியம். எடுக்கிற படமெல்லாம் தானாகக் கணினிக்குப் போய்ச் சேரும்படி ஒரு சின்க் ஆப் போட்டு வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து, மகள் முதன்முதலாக நடந்த வீடியோவைத் தேடினால் கணினியிலும் இல்லை. ஆப்பின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும், அதுவும் காலி.

சின்க் என்றாலே இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான். இங்கே சேர்த்தால் அங்கே சேரும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதை நான் பேக்கப் என்று நம்பியிருந்தேன். மீட்பு மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன். கணினியில் இருப்பது எஸ்எஸ்டி என்ற சிப் வகைச் சேமிப்பகம். அதில் கோப்பை அழித்தால் அந்த இடத்தை ட்ரிம் என்ற வசதி கொஞ்ச நேரத்தில் துடைத்துவிடுகிறது. ஒன்றும் தேறவில்லை.

கடைசியில் அக்காதான் காப்பாற்றினார். அப்போதே அவருக்கு அனுப்பியிருந்தேன். தேடி எடுத்துத் திருப்பி அனுப்பினார். 22 விநாடி. அனுப்பும்போதே சுருங்கிப்போன பிரதி என்பதால் மகளின் முகம் மங்கலாகத்தான் தெரிகிறது. ஆனால் "வா வா, தாத்தாகிட்ட வா" என்று அப்பா கூப்பிடுவது தெளிவாகக் கேட்கிறது. அப்பா இப்போது இல்லை. அன்று இரவே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். முடிக்க மூன்று வாரம் ஆனது.

முதலில் பழைய ஃபோன்கள், லேப்டாப், மெமரி கார்டு என்று இருந்த எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் கொட்டினேன். நீளமான ஒரு வீடியோ மட்டும் ஏறவே மாட்டேன் என்றது. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை பழைய எஃப்ஏடி32 ஆக இருந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி மறுபடி முதலிலிருந்து கொட்டினேன். கூகுள் ஃபோட்டோஸில் இருந்தவற்றை டேக்அவுட் என்ற கூகுளின் பதிவிறக்க வசதி வழியாக இறக்கினேன். ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு அங்கே நானே தேதி போட்டிருந்தேன். அந்தத் தேதி படத்துக்குள் இல்லை, கூடவே வருகிற ஜேசான் என்ற சின்னத் தகவல் கோப்பில் இருந்தது. தெரியாமல் அவற்றை அழித்திருந்தால் அந்த வேலை முழுக்க வீண்.

படங்களை வருடம், மாதவாரியாகப் பிரிக்க எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள். கோப்பின் தேதியை நம்பக் கூடாது, நகலெடுக்கும்போது அது மாறிவிடலாம். எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் தகவலாகப் பதிந்திருக்கும், அதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அரட்டை ஆப்களில் வந்த படங்களில் அதுவும் இல்லை. அவற்றைத் தனி ஃபோல்டரில் போட்டுக் கையால்தான் பிரித்தேன். முடிகிற வரை பழைய ஃபோன்கள் எதையும் துடைக்கவில்லை. நல்ல வேளை! ஐஃபோனின் லைவ் ஃபோட்டோ ஒரே பெயரில் இரண்டு கோப்புகளாக வரும்: ஒரு படம், இரண்டு மூன்று விநாடி வீடியோ ஒன்று. அந்தத் துண்டு வீடியோக்களைக் குப்பை என்று நினைத்து நிறைய அழித்துவிட்டேன். ஃபோனில் மூலம் இருந்ததால் திரும்ப எடுக்க முடிந்தது.

அப்புறம் சின்க். இந்த முறை சிங்க்திங் என்ற வேறொரு சின்க் மென்பொருள். ஃபோனை அனுப்ப மட்டும், கணினியைப் பெற மட்டும் என்று வைத்தேன். சரி, இனி பயமில்லை என்று நினைத்தாலும் ஒரு சோதனை செய்தேன். சுவரைப் படம் எடுத்து, அது கணினிக்கு வந்த பிறகு ஃபோனில் அழித்தேன். கொஞ்ச நேரத்தில் கணினியிலும் காணோம்! பெற மட்டும் என்றாலும் ஃபோனில் அழித்தது இங்கே வரத்தான் செய்யும். அதே ஃபோல்டரில் குப்பைத்தொட்டி முறைப் பதிப்புக் காப்பை, அதாவது அழிந்த கோப்பைத் தனியே எடுத்துவைக்கும் வசதியை இயக்கி, எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். பூஜ்யம் என்றால் எப்போதும் வைத்திரு என்று பொருள். மறுபடி அதே சுவர், அதே சோதனை. இந்த முறை படம் தனி ஃபோல்டருக்குப் போய் உட்கார்ந்திருந்தது.

வாரம் ஒரு முறை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் கணினியிலிருந்து வெளி டிஸ்க்குக்கு நகல் எடுக்கிறேன். அழித்ததை அங்கேயும் அழிக்கிற டெலீட் விருப்பத்தை அதில் சேர்ப்பதே இல்லை. டிஸ்க் இரண்டு. ஒன்று என்னிடம், மற்றொன்று அக்கா வீட்டில், சந்திக்கும்போது மாற்றிக்கொள்கிறோம். திருட்டோ தீயோ என்றால் ஒரே வீட்டில் எத்தனை டிஸ்க் இருந்தும் பயனில்லையே. கூகுள் ஃபோட்டோஸில் தேர்ந்தெடுத்தவை மட்டும்தான். இலவச 15 ஜிபியை ஜிமெயிலும் டிரைவும் சேர்ந்து பங்குபோடுகின்றன.

போன ஞாயிறு அக்கா வீட்டு டிஸ்க்கை வேறொரு லேப்டாப்பில் செருகித் திறந்து பார்த்தேன். கணினியோடு செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைத்து ஒப்பிட்டதில் மூன்று கோப்புகள் ஒத்துப்போகவில்லை. அவற்றை மட்டும் மறுபடி நகலெடுத்தேன். பிறகு அந்த 22 விநாடி வீடியோவை அதிலிருந்தே ஓடவிட்டு, மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.