எதிர்வீட்டு வாசலில் கேட்ட கேள்வி

"பாட்டி, நாளைக்குக் காலையில எழுந்ததும் வாயைக் கொப்பளிச்சிட்டு, நல்லா ஆழமா இருமி, வர்ற சளியை இதுல குடுங்க."

எதிர்வீட்டு வாசலில் காசநோய்ப் பரிசோதனைக்காகச் சுகாதாரப் பணியாளர் நீட்டிய மூடி போட்ட சின்ன டப்பாவைப் பாட்டி கூச்சத்தோடு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

அப்புறம் அந்தப் பெண் கேட்டார்: "வீட்டுல எத்தனை பேர்? எல்லாரும் ஒரே ரூம்லதான் படுக்கிறீங்களா?"

இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

1882-இல் காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்தார். ஐந்தே வருடத்தில், 1887-இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், பேங்க் தெருவில் ராபர்ட் பிலிப் என்ற இளம் மருத்துவர் காசநோய்க்கென்றே ஒரு சின்ன மருந்தகம் திறந்தார். சளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதோடு விடவில்லை. நர்ஸ் வீடு தேடிப் போவார். எத்தனை அறை, யார் யாரோடு படுக்கிறார்கள், ஜன்னல் திறக்கிறதா என்று பார்ப்பார். வீட்டில் மற்றவர்களையும் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். பிறகு மருத்துவமனை வந்தது. 1910-இல், தேறி வருபவர்கள் வேலை செய்து உடம்பைத் தேற்றிக்கொள்ள ஊருக்கு வெளியே ஒரு பண்ணையும் வந்தது.

இத்தனைக்கும் கையில் மருந்தே கிடையாது. காசநோயைக் குணப்படுத்திய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-இல்தான். குணப்படுத்த வழியில்லாத நோய்க்காக ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறியிருக்கிறார்கள். நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

பாட்டிக்குக் காசநோய் என்றே தெரிந்தாலும், இன்று மருந்து இருக்கிறது. இலவசமாகவே கிடைக்கும்.

சாயங்காலம் பார்த்தேன். எதிர்வீட்டு ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன.